தன் கண்ணைத் தானே குத்திக்கொண்ட மன்றம்

நாடாளுமன்றம் தன் சொந்தச் செலவைக் குறைத்துக்கொள்கிறது என்று செய்தி வரும்போதெல்லாம் நான் தேடுவது அதன் மூன்றாவது பத்தியைத்தான். முதல் பத்தியில் மிச்சமாகும் தொகை இருக்கும். இரண்டாவதில் தலைவர்களின் பெருமிதம் இருக்கும். எது வெட்டப்பட்டது, அந்த வேலையை இனி யார் செய்வார்கள் என்பது மூன்றாவதில் இருந்தால் உண்டு. பெரும்பாலும் இருப்பதில்லை.

அமெரிக்காவில் 1995-ஆம் ஆண்டு நடந்ததைப் படிக்கத் தொடங்கிய பிறகு ஒட்டிக்கொண்ட பழக்கம் இது. ஒரு சட்டமன்றம் தன் நிர்வாகத்தைத் தானே பிரித்துப் போட்டுச் சீரமைத்த நிகழ்வுகளில் அதைவிடப் பெரியது எனக்குத் தெரிந்து இல்லை. அதில் மனம் திறந்து பாராட்ட வேண்டியது நிறைய இருக்கிறது. மன்னிக்க முடியாததும் இருக்கிறது.

1994 நவம்பர் தேர்தலில், 40 ஆண்டுகளுக்குப் பிறகு, குடியரசுக் கட்சி, நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபையைக் கைப்பற்றியது. நியூட் கிங்ரிச் சபாநாயகர் ஆனார். சபையின் பெயர் அப்போது நாறிக்கிடந்தது என்பதை நினைவில் வைக்க வேண்டும். உறுப்பினர்களுக்கென்று தனியாக ஒரு வங்கி இருந்தது. கணக்கில் பணமே இல்லாமல் அவர்கள் கொடுத்த காசோலைகளை அந்த வங்கி அபராதம்கூட இல்லாமல் ஏற்றுவந்தது 1991, 1992-ல் அம்பலமானது. அடுத்து சபையின் தபால் நிலையம். வரி விவகாரக் குழுவின் தலைவராகப் பெரும் செல்வாக்கோடு இருந்த டான் ராஸ்டென்காவ்ஸ்கி மீது, அஞ்சல் தலைகளைப் பணமாக்கினார் என்பது உள்ளிட்ட குற்றச்சாட்டுகள் 1994-ல் பதிவாயின. அந்தத் தேர்தலிலேயே தோற்றார். 1996-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார். இப்படிப்பட்ட நேரத்தில் "முதலில் எங்கள் வீட்டைச் சுத்தம் செய்கிறோம்" என்று ஒரு கட்சி வாக்குக் கேட்டால் மக்கள் கொடுக்காமல் என்ன செய்வார்கள்?

1995 ஜனவரி 4. பதவியேற்ற முதல் நாளே, நள்ளிரவைத் தாண்டியும் சபை நடந்தது. தனியார் நிறுவனங்களுக்குச் சபை இயற்றிய தொழிலாளர் சட்டங்கள் இனிச் சபைக்கும் பொருந்தும். சபையின் கணக்கை வெளித் தணிக்கையாளர் பார்ப்பார். குழுத் தலைவர் பதவிக்குக் கால வரம்பு. குழுக்களின் எண்ணிக்கையும் குறையும், குழுப் பணியாளர்களில் மூன்றில் ஒரு பங்கும் குறையும். தேர்தலுக்கு முன் எழுதிக் கையெழுத்திட்டு வாக்குறுதி அளித்தவற்றை முதல் நாளில் செய்து காட்டினார்கள். எந்த நாட்டு அரசியலிலும் இது அபூர்வம்.

அந்த வார நாளிதழ்களில் எல்லோரும் எழுதியது ஐஸ் வாளியைப் பற்றி. குளிர்சாதனப் பெட்டி வருவதற்கு முந்திய காலத்துப் பழக்கத்தின் மிச்சமாக, உறுப்பினர்களின் அலுவலகங்களுக்குத் தினமும் இருவேளை ஐஸ் கொண்டுபோய்க் கொடுக்க ஆட்கள் இருந்தார்கள். 1995-லும் இருந்தார்கள். ஆண்டுக்குச் சில இலட்சம் டாலர் செலவு. கிங்ரிச் அணி அதை நிறுத்தியது. சரியான முடிவு; ஒரு நாள்கூட விவாதிக்கத் தேவையில்லாத முடிவு.

வெளித் தணிக்கை அதைவிட முக்கியமானது. பிரைஸ் வாட்டர்ஹவுஸ் நிறுவனத்தின் தணிக்கையாளர்கள் சபையின் கணக்குப் புத்தகங்களைப் பார்த்துவிட்டு, 1995 ஜூலையில், இவற்றை வைத்துக்கொண்டு எந்தக் கருத்தும் சொல்ல இயலாது என்று அறிக்கை தந்தார்கள். உலகின் மிகப் பணக்கார நாட்டின் வரவு செலவைத் தீர்மானிக்கும் சபை, தன் வரவு செலவை ஒழுங்காக எழுதி வைக்கவில்லை. சில ஆண்டுகளில் அந்தக் குறை நீங்கிச் சுத்தமான சான்று கிடைத்தது. இதற்காக கிங்ரிச் அணியைப் பாராட்ட நான் தயங்கவே மாட்டேன். சலுகையைப் பறித்தார்கள், கணக்கை ஒழுங்குபடுத்தினார்கள், திருட்டுக்கு இருந்த வாசல்களை அடைத்தார்கள்.

ஆனால் வெட்டு அத்தோடு நிற்கவில்லை.

குழுப் பணியாளர்கள் என்று சொன்னேனே, அவர்கள் யார் என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். இராணுவச் செலவுக் குழுவில் பத்து ஆண்டுகளாக ஒரே போர் விமானத் திட்டத்தின் கோப்புகளைப் படித்து வருபவர். மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் எந்த உட்பிரிவை மாற்றினால் எந்த மாநிலத்தில் யாருக்குப் பணம் வராமல் போகும் என்று சொல்லக்கூடியவர். அமைச்சகத்துச் செயலாளர் சாட்சி சொல்ல வரும்போது, போன ஆண்டு அவரே வேறு மாதிரிச் சொன்ன பக்கத்தை எடுத்து உறுப்பினர் கையில் கொடுப்பவர். இரண்டாண்டுக்கு ஒருமுறை தேர்தலைச் சந்திக்கும் உறுப்பினருக்கு இதையெல்லாம் நினைவில் வைத்திருக்க நேரம் கிடையாது. 1993-ல் பிரதிநிதிகள் சபைக் குழுக்களில் இப்படிப்பட்டவர்கள் ஏறக்குறைய 2,100 பேர். 1995-ல் 1,300-க்கும் குறைவு. மூன்று குழுக்களே மூடப்பட்டன.

இதற்கு ஒரு நியாயம் இருந்ததை மறைக்க மாட்டேன். நாற்பது ஆண்டுகள் ஒரே கட்சி கையில் குழுக்கள் இருந்ததால், பணியாளர் நியமனத்தில் பெரும்பங்கு அந்தக் கட்சிக்கே போனது. சிறுபான்மைக் கட்சியாக இருந்த குடியரசுக் கட்சியினர் அதை எதிர்த்து நெடுங்காலம் புலம்பியவர்கள். அவர்கள் கண்ணுக்கு அந்தப் பணியாளர்கள் எதிர்க்கட்சியின் படையாகத் தெரிந்தார்கள். அப்படியானால் விகிதத்தைத் திருத்தியிருக்கலாம். பதவியையே ஒழித்தார்கள்.

கவனிக்க வேண்டியது இன்னொன்று. உறுப்பினர்களின் சொந்த அலுவலகப் பணியாளர்கள் 7,000 பேருக்கு மேல் இருந்தார்கள். தொகுதிக் கடிதங்களுக்குப் பதில் எழுதுபவர்கள், பத்திரிகைச் செய்தி தயாரிப்பவர்கள், அடுத்த தேர்தலில் ஜெயிக்க உதவும் வேலைகளைச் செய்பவர்கள். அவர்களில் மூன்றில் ஒரு பங்கைக் குறைக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. சிக்கனம் உறுப்பினரின் மேசைக்கு அருகில் வந்ததும் நின்றுகொண்டது. அரசாங்கத்தைக் கேள்வி கேட்கும் மேசைகள்தான் காலியாயின.

இப்போது தொழில்நுட்ப மதிப்பீட்டு அலுவலகத்துக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அதுதான்.

1970-களின் தொடக்கத்தில் அமெரிக்க மன்றம் ஒரு சங்கடத்தில் இருந்தது. ஒலியை விட வேகமாகப் பறக்கும் பயணிகள் விமானத்துக்கு அரசு பணம் கொடுக்கலாமா, ஏவுகணைத் தடுப்பு வேலை செய்யுமா என்பது போன்ற கேள்விகள் வரிசையாக வந்தன. பணம் கேட்கும் துறையே விவரத்தையும் கொடுத்தது. மறுத்துச் சொல்ல மன்றத்தின் பக்கம் ஆள் இல்லை. அதனால் 1972-ல் ஒரு சட்டம் போட்டு மன்றம் தனக்கென்று ஓர் அறிவியல் அலுவலகத்தை வைத்துக்கொண்டது. மேற்பார்வை வாரியத்தில் 12 பேர்: மேலவையான செனட்டிலிருந்து 6, பிரதிநிதிகள் சபையிலிருந்து 6, இரண்டு கட்சிக்கும் சரிபாதி. ஒவ்வோர் ஆய்வுக்கும் வெளியிலிருந்து ஓர் ஆலோசனைக் குழு. அதில் ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போகாதவர்களையே சேர்த்து உட்கார வைப்பார்கள். அறிக்கையின் முடிவில் "இதைச் செய்யுங்கள்" என்று இருக்காது. இந்த வழியில் போனால் இது நடக்கும், அந்த வழியில் போனால் அது நடக்கும், தேர்ந்தெடுக்க வேண்டியவர்கள் நீங்கள் என்று இருக்கும். மக்கள் தேர்ந்தெடுத்தவர்களுக்கு நிபுணர் கொடுக்க வேண்டிய மரியாதை இப்படித்தான் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

23 ஆண்டுகளில் சுமார் 750 அறிக்கைகள். அவற்றின் படிகள் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் இணையக் காப்பகத்தில் இன்றும் இலவசமாகக் கிடைக்கின்றன. சிலவற்றை முழுதாகப் படித்திருக்கிறேன். எனக்கு மிகவும் பிடித்தது 1983-ல் வந்த, பொய் கண்டறியும் கருவி பற்றிய அறிக்கை. அரசு இரகசியங்கள் கசிவதைத் தடுக்க ஊழியர்களை அந்தக் கருவியில் உட்கார வைக்கலாம் என்று ரீகன் அரசு கிளம்பிய ஆண்டு அது. இந்தக் கருவிக்கு அறிவியல் ஆதாரம் என்ன என்று மன்றம் கேட்டது. அலுவலகம் அதுவரை நடந்த ஆய்வுகளையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு பிரித்தது. குறிப்பிட்ட ஒரு குற்றத்தை விசாரிக்கும்போது ஓரளவு ஆதாரம் இருக்கிறது. ஆனால் வேலைக்கு வருபவர்களையும் வேலையில் இருப்பவர்களையும் மொத்தமாகச் சலிக்க இதைப் பயன்படுத்த ஆதாரம் மிகக் குறைவு என்றது. எல்லோருக்கும் புரியும் மொழியில் அது எழுதப்பட்டது. 1988-ல் தனியார் முதலாளிகள் பெரும்பாலோர் இந்தச் சோதனையை ஊழியர்கள் மீது நடத்துவதைத் தடை செய்து சட்டம் வந்தது. வேலை கேட்டுப் போன இடத்தில் உடம்பில் கம்பியைச் சுற்றிக்கொண்டு "நீ திருடியிருக்கிறாயா" என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் அவமானத்திலிருந்து தப்பியவர்கள் எத்தனை பேர் என்று நினைத்துப் பார்க்கிறேன். அவர்களுக்கு இந்த அலுவலகத்தின் பெயர்கூடத் தெரிந்திருக்காது.

விண்வெளியிலிருந்து ஏவுகணைகளைச் சுட்டு வீழ்த்தும் ரீகனின் திட்டத்தையும் இந்த அலுவலகம் ஆராய்ந்தது. 1984-ல் அதற்காக எழுதியவர் ஆஷ்டன் கார்ட்டர் என்ற இயற்பியலாளர். பிற்காலத்தில் ஒபாமா அரசில் பாதுகாப்பு அமைச்சர் ஆனவர். முழுமையான பாதுகாப்பு கிடைக்கும் வாய்ப்பு மிகத் தொலைவில் இருக்கிறது, அதை நம்பிக் கொள்கை வகுக்கக் கூடாது என்று அவர் எழுதினார். இராணுவத் தரப்பு அறிக்கையைத் திரும்பப் பெறச் சொன்னது. அலுவலகம் மறுபரிசீலனை செய்துவிட்டு, மாற்றத் தேவையில்லை என்று நின்றது. அந்த நிமிர்வை மறக்காமல் வைத்திருந்தவர்கள் பின்னால் வெட்டும் இடத்தில் இருந்தார்கள்.

1995-ல் இந்த அலுவலகத்தின் ஆண்டுச் செலவு சுமார் 2.2 கோடி டாலர். அந்த ஆண்டு மத்திய அரசின் மொத்தச் செலவு ஏறக்குறைய 1.5 இலட்சம் கோடி டாலர். நூறு டாலர் செலவில் ஒரு சென்ட்டில் ஏழில் ஒரு பங்கு. சமூகப் பாதுகாப்புத் துறையின் கணினிகளை மாற்றும் திட்டத்தை அலுவலகம் ஆராய்ந்ததால் மட்டும் 36.8 கோடி டாலர் மிச்சமானது என்று அதன் ஆதரவாளர்கள் கணக்குக் காட்டினார்கள். அலுவலகத்தைப் பதினாறு ஆண்டுகள் நடத்தும் பணம் அது. அறிக்கை வர ஓராண்டு, இரண்டாண்டு ஆகிறது, அதற்குள் விவாதமே முடிந்துவிடுகிறது என்பது எதிர்த்தவர்களின் குறை. அதில் உண்மை இருந்தது. மற்ற இடங்களில் செய்யும் வேலையையே இங்கேயும் செய்கிறார்கள் என்றும் சொன்னார்கள். அதில் உண்மை இல்லை.

காப்பாற்ற முயன்றவர்களில் முன்னால் நின்றவர் எமோ ஹௌட்டன். குடியரசுக் கட்சிக்காரர். கார்னிங் கண்ணாடி நிறுவனத்தின் தலைவராக இருந்தவர். ஆராய்ச்சிக்குச் செலவு செய்வதன் அருமை தெரிந்த தொழிலதிபர். அவர் கொண்டுவந்த திருத்தம் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறவும் செய்தது. இரு அவைகளும் சேர்ந்து இறுதி மசோதாவை முடிவு செய்தபோது அது விழுந்துவிட்டது. 1995 செப்டம்பர் 29-ஆம் தேதி அலுவலகம் மூடப்பட்டது. மன்றத்தின் ஒதுக்கீட்டு மசோதாவையே, மற்றத் துறைகளுக்கு ஒதுக்கும் முன் உங்களுக்கு மட்டும் ஒதுக்கிக்கொள்வதா என்று கேட்டு, அதிபர் கிளிண்டன் அக்டோபரில் திருப்பி அனுப்பினார். அதற்குள் அலுவலகம் இல்லை. 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தை யாரும் ரத்து செய்யவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். சட்டம் இன்றும் இருக்கிறது. பணம்தான் ஒதுக்குவதில்லை.

கணக்காய்வு அலுவலகமும் தப்பவில்லை. அரசுத் துறைகளின் செலவைத் துருவிப் பார்த்து மன்றத்துக்கு அறிக்கை தரும் அமைப்பு அது. நம் ஊர்த் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரைப் போன்றது. இரண்டே ஆண்டுகளில் அதன் நிதியில் கால் பங்கு குறைக்கப்பட்டது. 1990-களின் தொடக்கத்தில் 5,000 பேருக்கு மேல் வேலை பார்த்த இடத்தில் அந்தப் பத்தாண்டின் முடிவில் சுமார் 3,300 பேர். தங்களுக்குச் செலவாகும் ஒவ்வொரு டாலருக்கும் அரசுக்குப் பல பத்து டாலர் மிச்சமாகிறது என்று ஆண்டுதோறும் கணக்குக் காட்டும் அமைப்பு அது. அங்கே ஆளைக் குறைத்துவிட்டுச் சிக்கனம் என்று பெயர் வைப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

என் பெரியப்பா தணிக்கைப் பணியில் நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்றவர். இந்தக் கணக்காய்வு அலுவலகக் கதையை அவரிடம் சொன்னேன். கையிலிருந்த செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்: "இங்கே பாரப்பா, ஆளைக் குறைத்தால் முதல் வருடமே மிச்சம் தெரியும். சம்பளம் ஒரு தலைப்பின் கீழ் எழுதி வைத்த தொகை. குறைந்தால் கண்ணில் படும். நாங்கள் பார்க்காமல் விட்ட வவுச்சர் எந்தத் தலைப்பில் வரும்?" அவருடைய குழுவில் ஆள் குறைந்த பிறகு, எல்லா வவுச்சரையும் பார்த்த காலம் போய், பத்தில் ஒன்று பார்க்கும் காலம் வந்ததாம். மீதி ஒன்பதில் என்ன இருந்தது என்று தெரியாமலே ஓய்வு பெற்றதைச் சொல்லும்போது அவர் குரலில் இருந்த வருத்தம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

வெட்டப்பட்ட வேலை காற்றில் கரைந்துவிடாது. மசோதாவை யாராவது எழுதித்தான் ஆக வேண்டும். அதன் விளைவை யாராவது விளக்கித்தான் ஆக வேண்டும். மன்றத்தின் சம்பளப் பட்டியலில் இருந்தவர்கள் அதைச் செய்யாவிட்டால், நிறுவனங்களின் சம்பளப் பட்டியலில் இருப்பவர்கள் செய்வார்கள். வாஷிங்டனில் அதற்கென்றே, பணம் கொடுப்பவர்களுக்காக உறுப்பினர்களிடம் பேசி ஆதரவு தேடும் லாபி நிறுவனங்கள் இருக்கின்றன. 1998-ல் அங்கே லாபிச் செலவாகப் பதிவானது சுமார் 145 கோடி டாலர். 2010-ல் 350 கோடியைத் தாண்டியது. இது முழுவதும் 1995-ன் விளைவு என்று நான் சொல்லவில்லை. ஆனால் புதிதாக வந்த உறுப்பினர் ஒருவர் மருந்து விலையைப் பற்றிக் கேட்க நினைத்தால், அவருக்குச் சம்பளம் எதிர்பார்க்காமல் ஓடி வந்து விளக்குபவர் மருந்து நிறுவனத்தின் ஆள் என்ற நிலை அதனால் இன்னும் இறுகியது.

வெட்டும் பழக்கமும் விடவில்லை. 2011 ஜனவரியில் சபை மறுபடியும் குடியரசுக் கட்சியின் கைக்கு வந்ததும், பிரதிநிதிகள் சபை தன் அலுவலகங்களின் நிதியை 5 சதவீதம் குறைத்துக்கொண்டது. 410 பேர் ஆதரவு, 13 பேர் எதிர்ப்பு. இதை எதிர்த்து வாக்களிக்கும் துணிவு யாருக்கு வரும்? அடுத்தடுத்த ஆண்டுகளில் மேலும் வெட்டினார்கள். 2018 ஏப்ரலில் ஃபேஸ்புக் நிறுவனத்தின் தலைவர் மார்க் ஸக்கர்பெர்க் செனட் குழுவின் முன் அமர்ந்தபோது, பயனாளர்களிடம் பணம் வாங்காமல் தொழிலை எப்படி நடத்துகிறீர்கள் என்று மூத்த உறுப்பினர் ஆரின் ஹாட்ச் கேட்டார். "செனட்டர், நாங்கள் விளம்பரம் போடுகிறோம்" என்று பதில் வந்தது. உலகமே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இணையம் வீடுகளுக்குள் நுழையத் தொடங்கிய அதே ஆண்டில் அறிவியல் அலுவலகத்தை மூடியவர்கள் அவர்கள். இருபது ஆண்டுகளாக அவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுக்கச் சொந்தமாக ஆள் இல்லை.

கொஞ்சம் திருந்தினார்கள். 2019-ல் கணக்காய்வு அலுவலகத்துக்குள் அறிவியல், தொழில்நுட்பத்துக்கென்று ஒரு பிரிவு தொடங்கப்பட்டது. அதே ஆண்டு, மன்றத்தை நவீனப்படுத்த இரு கட்சியினரும் சமமாக அமர்ந்த ஒரு சிறப்புக் குழு அமைந்தது. பணியாளர்களைத் தக்கவைப்பது எப்படி என்பதும் அது ஆராய்ந்தவற்றில் ஒன்று. 2021-ல் பணியாளர்களின் உச்சபட்சச் சம்பளம் உறுப்பினர்களின் சம்பளத்தையே தாண்டலாம் என்று விதி மாறியது. பிரிட்டன் 1989-லும் ஜெர்மனி 1990-லும் தங்கள் நாடாளுமன்றங்களுக்கு இப்படிப்பட்ட அறிவியல் பிரிவுகளைத் தொடங்கியவை. அவை இன்றும் நடக்கின்றன.

நம் நாட்டுக்கு வருகிறேன், ஏனென்றால் நாமும் இதே பாதையில் கைதட்டுகிறோம். 2021 ஜனவரியில் நாடாளுமன்றக் கேண்டீனுக்கான மானியம் நிறுத்தப்பட்டது. ஆண்டுக்கு 8 கோடி ரூபாய் மிச்சமாகும் என்று செய்திகள் வந்தன. எங்கள் குடும்ப வாட்ஸாப் குழுவில் அன்று முழுவதும் அதுதான் பேச்சு. நானும் மகிழ்ந்தேன்; பிரியாணியை உறுப்பினர்கள் முழு விலை கொடுத்துத்தான் சாப்பிட வேண்டும். ஆனால் அதற்கு நான்கு மாதங்களுக்கு முன், 2020 செப்டம்பர் கூட்டத்தொடரில், கேள்வி நேரமே இல்லாமல் மன்றம் நடந்தது. அந்தத் தொடரில்தான் மூன்று வேளாண் சட்டங்கள் எந்தக் குழுவுக்கும் அனுப்பப்படாமல் நிறைவேறின. ஓராண்டுக்கு மேல் விவசாயிகள் டெல்லியின் எல்லைகளில் அமர்ந்தார்கள். பிறகு சட்டங்கள் திரும்பப் பெறப்பட்டன. அதற்கு நாடு கொடுத்த விலையைக் கேண்டீன் கணக்கின் பக்கத்தில் யாரும் எழுதி வைக்கவில்லை.

குழுவுக்கு அனுப்புவது இங்கே எப்படிக் குறைந்துவிட்டது என்பதற்கு பி.ஆர்.எஸ். ஆய்வு அமைப்பின் கணக்கு இருக்கிறது. 15-ஆவது மக்களவையில் 71 சதவீத மசோதாக்கள் குழுக்களுக்குப் போயின. 17-ஆவதில் 16 சதவீதம். போகும் மசோதாக்களைப் படிக்கவும் குழுக்களில் துறை வல்லுநர்கள் நிரந்தரமாக இல்லை. ஓர் உறுப்பினருக்கு உதவியாளர் வைத்துக்கொள்ள இப்போது மாதம் 50,000 ரூபாய் தரப்படுகிறது. இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களின் மனுக்களையும், கல்யாணப் பத்திரிகைகளையும், ரயில் டிக்கெட் சிபாரிசுகளையும் பார்த்து முடித்துவிட்டு அந்த உதவியாளர் தரவுப் பாதுகாப்பு மசோதாவை எப்போது படிப்பார்?

நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு அவைகளிலும் சேர்த்து 788 இடங்கள். ஒவ்வொருவருக்கும் மாதம் 60,000 ரூபாய்ச் சம்பளத்தில் இரண்டு ஆய்வு உதவியாளர்கள் என்றால் ஆண்டுக்குச் சுமார் 113 கோடி. துறை சார்ந்த 24 நிலைக்குழுக்களுக்கும் தலா பத்து வல்லுநர்கள், ஒவ்வொருவருக்கும் மாதம் ஓர் இலட்சம் என்றால் இன்னொரு 29 கோடி. மொத்தம் 142 கோடி. உறுப்பினருக்கு ஆண்டுக்கு 5 கோடி என்று தரப்படும் தொகுதி மேம்பாட்டு நிதி மட்டும் 3,940 கோடி. அதில் நான்கு சதவீதம்கூட ஆகாது. சம்பளத்தை மன்றச் செயலகம் நேரடியாக உதவியாளரின் வங்கிக் கணக்கில் போட வேண்டும்; உறுப்பினரின் உறவினரை நியமிக்கக் கூடாது; உதவியாளர்களின் பெயரும் படிப்பும் இணையத்தில் இருக்க வேண்டும்.

இதை அடுத்த பட்ஜெட் கூட்டத்தொடருக்கு முன் எங்கள் தொகுதி உறுப்பினருக்கு விரிவாக எழுதி அனுப்பப் போகிறேன். உங்கள் தொகுதி உறுப்பினருக்கு நீங்களும் அனுப்புங்கள். கணக்கில் திருத்தம் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள், சேர்த்துக்கொள்கிறேன்.